ஐந்து மணி பஸ்

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் பெண்களிடம் சூப்பர்வைசர் தினமும் ஐந்து பதினாலு வரை வேலை வாங்குவார். கால் மணி முழுசாக ஆகவில்லையே என்று வேலை நேரக் கார்டில் ஐந்து என்றே எழுதிவிடுவார்; அந்தப் பதினாலு நிமிஷத்துக்குக் கூலி கிடையாது. பதினோரு வருடமாக இதே கதைதான். அவர்களில் ஒருத்தி ஐந்து மணி பஸ்ஸைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அடுத்த பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும்.

அன்றும் கூடத்துக் கடிகாரத்தில் ஐந்து பதினாலு ஆன பிறகுதான் வேலை முடிந்து வெளியே வந்தாள். பஸ் நின்றுகொண்டிருந்தது.

“இப்பத்தான் அஞ்சு ஆகுது, ஏறுங்கக்கா,” என்றார் கண்டக்டர்.

கதவைத் திறந்த மகள் வாயைப் பிளந்தாள். அம்மாவும் மகளும் வெயில் தாழும்வரை தெருவில் பந்து விளையாடினார்கள்.

மறுநாளும் உள்ளே ஐந்து பதினாலு வரை வேலை; வெளியே வந்தபோது மணி நாலரை. அதற்கு மறுநாள் நாலு. கூடத்துப் பெண்கள் எல்லோருக்கும் அப்படியே. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம்தான்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கையில் சூப்பர்வைசர் கூடத்தைப் பூட்டினார். வெயில் சுள்ளென்று அடித்தது.

“என்ன கூத்து இது? இந்தக் கும்மிருட்டுல வீட்டுக்குப் போகாம நிக்கிறீங்க!” என்றவர், செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு படியைக் காலால் தடவித் தடவி இறங்கினார்.