உதவி: வாசலண்ணன்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு கால்பந்து கிளப் மேலாளரின் மச்சான் சொன்னது. மச்சான்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். கூட்டியதைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

"உதவின்னா என்னம்மா அர்த்தம்?"

மேலாளர் மேசையைத் தட்டிக் கேட்டார்.

"உதவி பண்றது சார்" என்றாள் அந்தப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. இன்னும் நிரந்தரமாகவில்லை.

"கிழிஞ்சுது! ஃபுட்பால்ல உதவின்னா, கோல் அடிச்சவங்களுக்குக் கடைசியா பாஸ் குடுத்தவங்க. எட்டாம் நம்பர் பேரைப் போடணும். நீ யார் பேரைப் போட்டிருக்கே?"

"வாசலண்ணன்."

"அவர் டீம்லயே இல்லையேம்மா! கேட் வாசல்ல உக்காந்து ஷூ தைக்கிறவரு!"

"இடைவேளையில ஒன்பதாம் நம்பரோட ஷூ வாயைப் பிளந்துடுச்சு சார். வேற ஜோடி இல்ல. அவர்தான் பத்து நிமிஷத்துல தைச்சுக் குடுத்தாராம். அந்த ஷூவாலதானே கோல் விழுந்துது? அதான்..."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அது பெண்கள் கால்பந்து கிளப். கோப்பையை வாங்கித் தந்த அந்த கோலை டிஜிட்டல் டோக்கனாக விற்கிறார்கள். எட்டு நொடி வீடியோ, கீழே நான்கு வரி விவரம். மொத்தம் நூறு பிரதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒருமுறை பதிவாகிவிட்டால் விவரத்தை யாராலும் மாற்ற முடியாது. விளம்பரத்தில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இப்போது அதுவே கழுத்தைப் பிடித்தது.

விற்பனை தொடங்கி அரை மணி நேரம். மூன்று போயிருந்தது. மீதியை நிறுத்திவிட்டு, திருத்திய டோக்கன் ஒன்றைப் புதிதாகப் போடலாம். ஆனால் யார் செய்த தப்பு என்று கிளப் தலைவர் கேட்பாரே?

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா."

அவள் முகம் வெளுத்தது. அழவில்லை.

"சரி சார். அந்த வரியை மட்டும் எடுத்துடாதீங்க."

தப்பும் பண்ணிவிட்டு சிபாரிசு வேறா என்று மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்பனையை நிறுத்துவதற்கு முன், பெயரை இழந்த எட்டாம் நம்பரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போன் போட்டார்.

முழுவதையும் கேட்டுவிட்டு எட்டாம் நம்பர் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.

"சார், நான் பாஸே குடுக்கல. கோலுக்குத்தான் அடிச்சேன், அது தப்பி அவகிட்டப் போச்சு. அண்ணன் மட்டும் தைக்கலைன்னா பந்துக்குப் பதிலா ஷூதான் கோலுக்குள்ள போயிருக்கும். அப்படியே விட்டுடுங்க. எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க."

அவர் போனை வைக்கும்போது கதவோரம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். விரல்களில் பசை இன்னும் காயவில்லை. மேலாளருக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தினமும் குனிந்த தலையாகவே பார்த்த மனுஷர். நிமிர்ந்தால் இவ்வளவு உயரமா?

"வாங்கண்ணே."

"என் பேரு என்னமோ வந்திருக்குன்னு எம் பொண்ணு போன்ல காட்டிச்சு சார். அது என்னது, வாங்கினா என்ன கிடைக்கும்?"

மேலாளர் விற்கிறவர்தான். இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"உண்மையைச் சொல்றேன்ணே. ஒண்ணும் கிடைக்காது. அந்த வீடியோவை யார் வேணா சும்மாவே பாக்கலாம். நாளைக்கு விலை ஏறும்னும் நான் சொல்ல மாட்டேன். நானே இதுவரைக்கும் ஒண்ணு வாங்கினதில்ல."

"என் பேரை அழிக்க முடியாதாமே?"

"அது... முடியாது."

"நாப்பது வருஷமா தைக்கிறேன் சார். நான் தைச்ச ஷூ எல்லாம் என்னிக்கோ ஒரு நாள் கிழிஞ்சுதான் போச்சு. இது கிழியாதில்ல?"

மேலாளர் திரையைப் பார்த்தார். 'விற்பனையை நிறுத்தவா?' என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

"கிழியாதுண்ணே."

"அப்ப ஒண்ணு குடுங்க."

'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினார் மேலாளர். நாலாம் எண்ணை அவருக்குப் பதிவுசெய்தார். ஐந்தாவது எட்டாம் நம்பருக்கு. ஆறாவதைத் தனக்கே போட்டுக்கொண்டார். வாசலண்ணன் வந்ததைவிட இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்து படியிறங்கிப் போனார்.

தலைவர் கேட்டால் தானே சொல்லிக்கொள்வதாக மேலாளர் முடிவு செய்தார். அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டே? உக்காரு. நாளைக்கும் சரியா ஒன்பது மணிக்கு வந்துடு. ஃபுட்பால் கிளப்ல வேலை பாக்கறவளுக்கு ஃபுட்பால் தெரிய வேண்டாமா?"

மேசைமேல் ரப்பரையும் பென்சில் சீவியையும் குண்டூசிகளையும் பரப்பினார். பாஸ் என்றால் என்ன, உதவி என்றால் என்ன, ஆஃப்சைடு என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார்.

"அப்படியா சார்?" "ஓ, அதுக்குப் பேருதான் ஆஃப்சைடா சார்?" என்று அவளும் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டாள்.

மச்சான் சொன்ன கதை இங்கே முடிந்துவிட்டது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் எந்தக் கல்லூரியில் படித்தாள் என்று விசாரித்துக்கொண்டு, பல்கலைக்கழகப் போட்டிகளின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன்.

கால்பந்து அணித் தலைவி, மூன்று ஆண்டுகள். ஆட்டம் 46, கோல் 3, உதவி 31.