ஒன்றரை அடி

நான் வெளியூர் வேலையில் இருந்தபோது மனைவி போன் செய்தாள். என் அண்ணன் எங்கள் மனைக்குள் இறங்கி, சுவருக்கு நான் நட்டு வைத்த முளைக்குச்சியைப் பிடுங்கி ஒன்றரை அடி தள்ளி நட்டுவிட்டானாம். அந்தக் கோட்டிலேயே அஸ்திவாரக் கான்கிரீட்டும் போட்டாகிவிட்டதாம்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

அப்பா விட்டுப்போன இடம் அது. சரிபாதியாகப் பிரித்து நடுவில் எல்லைக்கல் நட்டிருக்கிறோம். அண்ணன் பாதி காலியாகக் கிடக்கிறது. என் பாதியில், எல்லையை ஒட்டிச் சுவர் எழுப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வீடு கட்டுகிறேன். எல்லாம் என் பொண்ணுக்காக. எட்டு வயசு. நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். இப்போது இருக்கும் மாடி வீட்டில் தினமும் இருபத்திரண்டு படி அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி என் இடுப்பு விட்டுப்போச்சு. அவளுக்கென்று அமையப்போகிற தரைவீட்டிலும் ஒருத்தன் கைவைத்தால் எப்படி இருக்கும்?

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மனைக்குப் போனேன்.

அண்ணன் அங்கேதான் இருந்தான். அஸ்திவாரத்தின் மேல் ஈரச் சாக்குகளை விரித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கான்கிரீட் போட்டு ரெண்டு நாள்தான் ஆகிறது. ஒரு வாரமாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும். அவன் அதைச் செய்வதுகூட எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

"குச்சியைப் பிடுங்கினியா?"

"ஆமா."

அதற்குப் பிறகு நான் பேசியதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நடக்க முடியாத பிள்ளை வயிற்றில் அடிக்கிறாயே, நீ உருப்படுவாயா என்றேன். கூடப்பிறந்த பாவத்துக்கு இதுதான் கூலியா என்றேன். அவன் அடுத்த வாளியை நிரப்பினான். எனக்கு இன்னும் வெறி ஏறியது. கிடந்த கடப்பாரையைத் தூக்கினேன்.

கொத்தனார் ஓடிவந்து குறுக்கே நின்றார். இன்னும் இறுகாத கான்கிரீட், ஒரு அடி விழுந்தாலும் மொத்தமும் வீண் என்றார். வீணாகட்டும் என்றேன்.

"உடைக்கிறதுக்கு முன்னாடி எல்லைக்கல் எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க சார்" என்று ஒரு சாக்கை விலக்கினார்.

பார்த்தேன். சுவருக்கு வெளியே இருக்க வேண்டிய கல், ஒன்றரை அடி உள்ளே, என் வீட்டுக்குள் இருந்தது. அஸ்திவாரம் போயிருந்தது அண்ணன் இடத்துக்குள்.

கடப்பாரையைக் கீழே போட்டேன். அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"ஏண்ணா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா வேணாம்னு நிப்பே. நீ திரும்பி வர்ற வரைக்கும் கான்கிரீட் வண்டி காத்திருக்குமா?"

"எதுக்குண்ணா இதெல்லாம்?"

அண்ணன் வாளியைக் கீழே வைத்தான்.

"நீ நடந்து பாத்துக் கோடு போட்டிருக்கே. நான் உங்க மாடிப்படிக்குக் கீழே இருந்த பாப்பாவோட நாற்காலியை எடுத்துட்டு வந்து, அதுல உக்காந்து உருட்டிப் பாத்தேன். அவ ரூமுக்குள்ள திரும்ப முடியலடா."