மிச்சமிருந்த ஒரு மணி நேரம்

கோதைநாயகி நான்கு ஆண்டுகளாக வளர்த்த புரதப் படிகங்கள் ஒரு சிறு குப்பியின் கரைசலுக்குள் மிதந்தன. அவள் தங்கையின் தசைகளைத் தின்றுகொண்டிருக்கும் நோய்க்கு அந்தப் புரதம்தான் காரணம். அதன் வடிவத்தைப் படம் பிடித்தால்தான் மருந்து தேட முடியும்; ஆனால் எக்ஸ்-கதிர் லேசர் பட்ட கணமே படிகம் சிதறிவிடும். சிதறுவதற்குள் படம் விழுந்தால் உண்டு. அவளுக்கு ஒதுக்கிய பகல் முழுவதும் லேசர் இயந்திரம் பழுதாகிக் கிடந்து, கடைசி ஒரு மணி நேரத்தில்தான் ஒளி வந்தது. “ஒளி இன்னும் நிலையா இல்ல மேடம். அடுத்த வாய்ப்புக்கு வேணா காத்திருங்க, ரெண்டு வருஷம் ஆகும்,” என்றார் இயந்திரத்தை இயக்கும் அருளானந்து. “என் தங்கச்சிக்கு அவ்வளவு நாள் இல்லங்க. ஆரம்பிங்க.” கரைசல் துளித்துளியாக லேசரின் பாதையில் பாய, குப்பி மெல்ல வற்றியது. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். “மேடம், திரையைப் பாருங்க,” என்றார் அவர். பார்க்கிறேன் என்று தலையசைத்தாள், இமைகளைத் திறக்கவில்லை. தெரியாமல் இருப்பதற்கு இன்னும் ஒரு நிமிடம் வேண்டியிருந்தது.