பொட்டலத்தில் ஒட்டிக்கொண்டது

"குழந்தை பிறந்து நாலு நாள்கூட ஆகலை. உன்னை யாருப்பா இன்னிக்கு வேலைக்கு வரச் சொன்னா?"

பையை மேசைமேல் வைத்தபடியே கேட்டாள் டீம் லீடர்.

"நான் வரலைன்னா நீங்க தனியா மாட்டிக்குவீங்களே, அக்கா" என்றான் அவன்.

அவனுக்கு ஆபீஸில் வைத்த பெயர் நிதானம். பூட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். வாயால் திட்டினாலும், அவன் வந்ததில் அவளுக்கு உள்ளூரத் தெம்புதான்.

அவர்களுடையது மொத்தமே ஆறு பேர் உள்ள சின்ன நிறுவனம். வந்திருப்பதோ பெரிய கம்பெனிக்கு. இங்கே இருக்கிற அறுநூறு கம்ப்யூட்டரிலும் இன்று மாலைக்குள் புது மென்பொருளை ஏற்றிக் காட்டினால், மூன்று வருஷத்துக்கு வேலை நிச்சயம். சொதப்பினால் ஆறு பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் இந்தக் கம்பெனியின் முதலாளி. சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனிதர். காலையில் அவர் வந்து எட்டிப் பார்த்தபோது இவள் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். நிதானம் மேசைக்கு அடியில் ஏதோ வயரைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து ஏற்றினால் ஒரு மாதம் ஆகும். அதற்குத்தான் பொட்டலம் கட்டும் கருவி. முதலில் சுத்தமான ஒரு கம்ப்யூட்டரை அது அங்குலம் அங்குலமாகக் குறித்துக்கொள்ளும். பிறகு புது மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். மறுபடியும் ஒரு தடவை குறித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் என்னென்ன மாறியதோ, அத்தனையையும் ஒரே பொட்டலமாகக் கட்டி எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடும். நடுவில் யாராவது சும்மா இருக்காமல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால்கூடப் போதும், அந்தத் தப்பான நேரமும் அறுநூறு மேசைக்குப் போய்ச் சேரும்.

அன்றைக்கு அந்தக் கருவியே முதலில் ஏற மறுத்தது. லைசென்ஸ் எண் செல்லாது என்றது. நிதானம் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துத் திரும்ப அடித்தான். ஏறியது, பாதியில் நின்றது. முதலாளியே அனுமதி கொடுத்தும் ஆன்டிவைரஸ் வழிவிடவில்லை.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டேங்கிறாரே!" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"பூசாரிகிட்ட நம்ம பேரைச் சொல்லி வச்சுட்டேன் அக்கா. இனிமே தடுக்கமாட்டார்."

தடுக்கவில்லை. முதல் குறிப்பு எடுத்து முடிந்தது.

"நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றான்.

அவள் திரும்பி வந்தபோது பொட்டலம் தயாராக இருந்தது.

"சோதிச்சுப் பார்த்தியா?"

"மூணு தடவை."

அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள். அறுநூறு கம்ப்யூட்டரும் ஒரு தடவை அணைந்து எழுந்தன. அடுத்த அறையில் யாரோ சிரித்தார்கள். அதற்கடுத்த அறையிலும் சிரித்தார்கள். அவள் எட்டிப் பார்த்தாள். உடனே அடுத்த அறைக்கும் ஓடிப் பார்த்தாள்.

எல்லாத் திரையிலும் ஒரே படம். பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, யாரு இது?"

"என் வீட்டுக்காரி, அக்கா. மடியில எங்க பாப்பா."

"பொட்டலம் கட்டுற நேரத்துல இந்தப் படத்தை எதுக்குப்பா திரையில போட்டே?"

"பார்க்கணும்போல இருந்துச்சு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மென்பொருள் அறுநூறிலும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதை யார் பார்த்தார்கள்? "கன்னத்தைப் பாரேன்!", "தூக்கத்துலகூட முறைக்குதே!" என்று மொத்த ஆபீஸும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தது. பழைய ஆட்கள் சிலர் மட்டும் திரைக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, முதலாளியின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி வந்து உட்கார்ந்தார்கள்.

"முதலாளி பார்க்கிறதுக்குள்ள எடுத்துடு!"

"இன்னொரு பொட்டலம் கட்டணும் அக்கா. ஒரு மணி நேரமாவது ஆகும்" என்றான், ஏதோ ஊரார் விஷயம் போல.

அவளுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அதற்குள் வராந்தாவில் சிரிப்புச் சத்தம் சட்டென்று அடங்கியது. முதலாளி வாசலில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"யார் பண்ணின வேலை இது?"

இந்த நிமிஷத்தில் அவனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பச்சைக் குழந்தைக்காரன்.

"தப்பு என்னோடதுதான் சார். பொத்தானை அழுத்தினது நான்."

"இல்லை. நான்தான்" என்று நிதானம் அவளைத் தாண்டி முன்னால் வந்தான்.

முதலாளி அவனையே பார்த்தார். அப்புறம் மேசைமேல் இருந்த ஒப்பந்தத்தை எடுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

"மென்பொருள் நல்லா ஓடுதும்மா. படத்தை எல்லாத்துலேருந்தும் எடுத்துடுங்க. என்னோடதுல மட்டும் இருக்கட்டும்."

அப்படியே நிதானத்தின் தோளில் கைவைத்தார்.

"நான் போனை எடுக்கலைன்னா, அறுநூறு கம்ப்யூட்டர்லயா பேத்தியைக் காட்டுவீங்க? வண்டியை எடுக்கச் சொல்லிட்டேன், வாங்க மாப்பிள்ளை. என் பொண்ணைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு."