ஆட்சேபணை இல்லை

பர்கூருக்கு அருகே ஒரு கிரானைட் குவாரியை விரிவாக்குவது பற்றி, கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. சென்னம்மா ராகி விதைக்கும் அரை ஏக்கர் கொல்லையும் அதில் போகிறது. அதே குவாரியில் பாறைக்கு வெடி வைத்தபோதுதான் அவள் கணவர் திம்மப்பன் இறந்தார். மூன்று வருடமாகிறது. கொல்லையையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

அவளுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தவர் திம்மப்பன்.

"எங்க கொல்லைய எடுத்துக்கோங்க சார். ஆட்சேபணை இல்லீங்க," என்றார்.

சென்னம்மா எழுந்து ஓடினாள். "சார், அவரு செத்துட்டாருங்க! நாங்க பொதைச்சிட்டோமுங்க!"

"இதோ நிக்கிறாரேம்மா," என்றார் அதிகாரி பொறுமையாக. கூட்டத்தில் யாரும் வியக்கவில்லை. சாவுக்கு வந்து அழுதவர்கள்கூடத் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். "நீங்க என்ன சொல்றீங்க?"

மைக் அவள் கைக்கு வந்தது. இறப்புச் சான்றிதழ் பையில் இருந்தது. அதைக் காட்டினால் கொல்லை தப்பும். அவள் திம்மப்பனைப் பார்த்தாள். இளைத்துப் போயிருந்தார். தலையெல்லாம் கல்தூள்.

"எனக்கும் சம்மதம் சார். கொல்லைய எடுத்துக்கோங்க. அவர மட்டும் என்கூட வீட்டுக்கு அனுப்பிடுங்க."

அதிகாரி முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

வாசலில் அவள் அவர் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"ஷிப்டுக்கு நேரமாச்சு சென்னம்மா," என்று கையை விடுவித்துக்கொண்டு குவாரி லாரியில் ஏறினார். லாரி அவர்கள் கொல்லைப் பக்கம் திரும்பியது.