அறுந்துபோகாத கம்பி

படுக்கையும் அடுப்பும் வைத்த ஒரு வேன், பேட்டரி டவுனாகி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் லாசர் இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது பிளஸ் மைனஸை மாற்றி மாட்டிவிட்டார். டேஷ்போர்டுக்குக் காவலாக இருந்த சின்ன ஃபியூஸ் அந்த நொடியே உருகி அறுந்தது. டேஷ்போர்டு முழுக்க இருண்டது.

"இதைக்கூடத் தாங்க முடியலையா உன்னால?" என்று டேஷ்போர்டிலிருந்த கடிகாரம் சீறியது.

"அது உங்க மேல விழ வேண்டிய அடி" என்றது ஃபியூஸ்.

லாசர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் செம்புக் கம்பி ஒன்றை முறுக்கிச் சொருகினார். பிளஸ் மைனஸைச் சரியாக மாட்டியதும் விளக்குகள் எரிந்தன, வண்டியும் கிளம்பியது.

"நீங்களாவது அறுந்துபோக மாட்டீங்களே?" என்று டீசல் மீட்டர் கேட்டது.

"என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? என்ன வந்தாலும் அறுந்துபோக மாட்டேன், இது வாக்கு" என்று கம்பி நிமிர்ந்தது. எல்லாரும் அதைக் கொண்டாடினார்கள்.

மலைப்பாதையில் வண்டி குலுங்கியபோது, உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து இரும்பைத் தொட்டது. கடிகாரத்துக்கு முதுகு சுட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை எழுந்தது.

"அறுந்துடுங்க! தயவு செஞ்சு அறுந்துடுங்க!" என்று டீசல் மீட்டர் கதறியது.

கம்பி செக்கச்செவேலென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க" என்றது அது பெருமையோடு. "நான் கொடுத்த வாக்கு தவற மாட்டேன்."