டங்ஸ்டன் பரீட்சை

"மத்தியானம் வரைக்கும் மைக்க நிப்பாட்டுங்க தலைவரே. புள்ளைக்குப் பரீட்சை."

பூரணி கோயில் வாசலில் நின்று இப்படிக் கேட்டதும் திருவிழாத் தலைவர் சிவசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மன் பாட்டையா நிப்பாட்டச் சொல்ற? ஜப்பான்ல வேலை பார்க்கிற புள்ளைக்கு இன்னும் என்ன பரீட்சை?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. லீவுல வந்த எடத்துல, 'இன்னைக்கு கம்ப்யூட்டர்ல பரீட்சை இருக்கும்மா, சத்தம் மட்டும் வேணாம்'னு சொல்லிட்டா. பெரிய வேலைன்னா பரீட்சையும் பெருசாத்தான் இருக்கும்."

"அப்படி என்னத்ததான் படிக்கிறா வினோதா?"

இந்தக் கேள்விக்காகவே பூரணி இத்தனை வருஷம் காத்திருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சூரியன் மாதிரி ஒரு அடுப்பு செய்யப் போறாங்களாம். உள்சுவரு டங்ஸ்டன். பழைய பல்புக்குள்ள கம்பி இருக்குமே, அந்தச் சாமான். ஹைட்ரஜன் அதுக்குள்ள பூந்து தங்கிக்குமாம். அது ஆகாது. ஹீலியம் பட்டா, ரொட்டி பொங்குற மாதிரி சுவர்ல பொடிப்பொடியா குமிழி வருமாம். அந்தக் குமிழி ஹைட்ரஜனை உள்ள விடாமத் தடுக்குமா, இல்லாட்டி இன்னும் கூடப் புடிச்சு வச்சுக்குமா? அதைத்தான் எம் மக பார்க்கிறா."

சிவசாமிக்குப் பாதிகூட விளங்கவில்லை. ஆனாலும் மைக் நின்றது. நம்ம தோட்டத்துப் பிள்ளை சூரியன் வரைக்கும் போயிருக்கிறதே என்று அவருக்கும் பெருமைதான்.

உடப்புசல்லாவைத் தேயிலை மலையில் அன்று அந்த லயத்து வீட்டு வரிசை மட்டும் மூச்சுக் காட்டவில்லை. பூரணி அறை வாசலில் காவல் நின்றாள். இருமிய புருஷனைக்கூட வெளியே துரத்திவிட்டாள்.

வினோதா காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவள் இங்கிலீஷில் பேசும் குரல் மட்டுமே கேட்டது.

"வை?"

வெகுநேரம் சத்தமே இல்லை.

"ஹவ்?"



பக்கத்து வீட்டு ஜெயந்தினி கதவோரம் காதை வைத்தாள். "என்னக்கா இது, பதிலே சொல்லக் காணோம். கேட்ட கேள்வி விளங்கல போல, திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருக்கா."

பூரணி அவளைக் கதவைவிட்டு இழுத்தாள். கோயில் வரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டு வந்தாயிற்று. பெயிலானால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அடுத்த நிமிஷமே அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெயிலானால்தான் என்ன, இந்த மலையில் வேறு யாருக்கு இப்படி ஒரு பரீட்சை வந்திருக்கிறது?

கதவு திறந்தது. வினோதா களைத்துப்போய் வெளியே வந்தாள். வாசலில் சிவசாமி உட்பட ஒரு கூட்டமே நின்றது.

"என்னா புள்ள, பாஸா?" என்றாள் பூரணி.

"பாஸ்தாம்மா. ஹீலியம் கேள்வியிலதான் ரொம்பத் தடுமாற்றம்."

"தடுமாறினா என்ன, பாஸ் பாஸ்தான்!" பூரணி மகளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். ஜெயந்தினி சீனிப் போத்தலோடு ஓடிவந்து எல்லார் வாயிலும் போட்டாள். சிவசாமி வினோதாவின் தலையில் கைவைத்து, "இனிமே உனக்குப் பரீட்சையே வேணாம் தாயி, போதும்" என்றார்.

வினோதா திருதிருவென்று விழித்தாள்.

"நானில்லைங்க மாமா, ஜெர்மனிக்காரர் ஒருத்தர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி எழுதினாரு. அவருக்குப் பரீட்சை வச்சு பாஸ் போட்டது நான்தான்."